சொல்லாமல் போகவேண்டிய வீடு

எனக்கு வாய் அதிகம். இதை என் கணவர் முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார், நானும் மறுத்ததில்லை. மருந்துக்கடையில் வேலை செய்பவளுக்கு வாய் இருந்தால்தான் பிழைப்பு. ஒனிஹங்காவில் நான் நிற்கும் கவுண்டரில் மருந்துப் பொதியைக் கையில் வாங்கிய எவரும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எதோடு சேர்க்கக் கூடாது, யாருக்குக் கிட்டப் போகக் கூடாது என்ற முழுப் பிரசங்கத்தையும் கேட்காமல் வெளியேறியதில்லை. அப்படிப்பட்ட வாய், சொல்லியே ஆகவேண்டிய ஒரு இடத்தில் மூடிக்கொண்டது. சொல்லவே கூடாத இடத்தில் திறந்துகொண்டது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பிற்பகலில், அரைமணி நேரத்துக்குள் நடந்தன.

அந்த வீடு ஏவன்டேலில் எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம். இரண்டும் ஒரே சொந்தக்காரரின் பழைய மரவீடுகள். இரண்டிலும் ரென்ட் ஏறுமே தவிரச் சுவரில் ஈரம் இறங்காது. அங்கே துருக்கியிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். தாய்க்கு என்னைவிடப் பத்து வயது கூட, உடுப்புத் திருத்திக் கொடுக்கும் கடையில் வேலை. முதல் நாளே நான் அக்கா என்று கூப்பிட்டேன், அவரும் அதைத் தன் பெயர் மாதிரி எடுத்துக்கொண்டார். மகள் கைக்குழந்தையாக இங்கே வந்தவள், வாயைத் திறந்தால் இந்த ஊர் ஆங்கிலம்தான். அக்காவின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஆளுக்கொரு காலால் நொண்டும். நாங்கள் கதைத்ததைத் தமிழில் எழுதுகிறேன் என்பதால் அவருக்குத் தமிழ் தெரியும் என்று நினைக்க வேண்டாம்.

ஒரேயொரு சொல் தெரியும். வேலிப் படலைக் கதவில் அவர் தலை தெரிந்தாலே நான் "வாங்கோ" என்பேன். திரும்பும்போது, போய்விட்டு வாருங்கள் என்பதை எங்கள் வழக்கில் "போட்டு வாங்கோ" என்பேன். ஆகவே வாங்கோ என்பது வரும்போதும் போகும்போதும் சொல்லும் ஒரு சொல் என்று முடிவுகட்டிவிட்டார். என் முற்றத்தில் நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்பேன். வேலிக்கு மேலால் எட்டி என்னைப் பார்த்து "வாங்கோ" என்பார். நான் திருத்தவில்லை. அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு வருடத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் பாத்திரம் வெறுமையாகப் போனதில்லை. என் எவர்சில்வர் தூக்குச்சட்டியில் வடை போனால், அதே சட்டியில் திராட்சை இலையில் சுற்றிய சோறு வரும். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் பக்கத்திலும் கூடாதாம்.

முதலில் துருக்கி என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் கழித்து ஒருநாள் தேநீர் குடிக்கும்போது குரலைத் தணித்து, "நாங்கள் அலெவி" என்றார். ஏவன்டேலில் அதை ஒட்டுக்கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் தணித்தார். பள்ளிவாசலுக்குப் போகாத, ஆணும் பெண்ணும் ஒன்றாக வட்டமாக அமர்ந்து நரம்பு வாத்தியம் வாசித்து வழிபடுகிற சனங்கள். அதனால் மற்றவர்களுக்கு அவர்கள்மேல் சந்தேகம். அக்கா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு காலையில், தெருவில் அவர்களுடைய வீட்டுக் கதவுகளில் மட்டும் சிவப்பு மையால் குறி போட்டிருந்ததாம். இலங்கையிலிருந்து ஓடிவந்த எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எழும்பி இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினேன்.

'ஒஜாக்' என்ற சொல்லையும் அன்றுதான் சொன்னார். அவர்கள் மொழியில் அடுப்பு என்று அர்த்தம். நோயைத் தீர்க்கும் குடும்பத்துக்கும் அதே பெயர். மஞ்சட்காமாலைக்கு ஒரு அடுப்பு, பாலுண்ணிக்கு ஒரு அடுப்பு என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குடும்பம் உண்டாம். அக்காவின் குடும்பம் தோலில் எரிந்து படரும் நோய்களுக்கான அடுப்பு. அது இரத்தத்தில் வருவது. ஆனால் இரத்தம் மட்டும் போதாது, முந்தியவர் தன் கையைக் கொடுக்கவும் வேண்டும். அக்காவின் தகப்பனார் ஒருநாள் அவருடைய உள்ளங்கையோடு தன் உள்ளங்கையை வைத்து அழுத்தி, கை போய்விட்டது என்றாராம். அதற்குப் பிறகு தகப்பனார் எந்த நோயாளியையும் தொடவில்லை. கை இருக்கிறவர் கைமாறு வாங்கக் கூடாது, வந்தவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது.

தகப்பன் வீட்டு அடுப்புச் சாம்பலில் ஒரு சிட்டிகையையும் அக்கா வைத்திருந்தார். சப்பாத்தின் அடியில் ஒட்டிய மண்ணைக்கூட விடாத ஏர்போர்ட் இது, எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. இங்கே எரித்த விறகின் சாம்பலில் அந்தச் சிட்டிகையைக் கலந்து, அது முடியுமுன் அதில் கொஞ்சத்தை அடுத்த சாம்பலில் கலந்து, பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி வளர்த்து வந்தார். நான் சிரித்தேன். மருந்துக்கடைக்காரி இல்லையா.

போன குளிர்காலத்தில் என் கணவருக்கு நெற்றியின் இடது பக்கம் எரியத் தொடங்கியது. அவர் பஸ் ஓட்டுகிறவர். கண்ணாடி வழியாக வெயில் பட்டதென்று இரண்டு நாள் சமாளித்தார். மூன்றாம் நாள் காலை கொப்புளங்கள் வரிசையாகப் புருவம்வரை இறங்கியிருந்தன. பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. அக்கி. இந்த ஊரில் ஷிங்கிள்ஸ்.

சின்ன வயதில் நமக்கு வரும் கொப்புளிப்பானை நாங்கள் அம்மாள் வந்திருக்கிறா என்போம். அந்த அம்மாள் லேசில் போகிறவள் அல்ல. கொப்புளம் காய்ந்து, தலைக்கு வார்த்து, எல்லாரும் மறந்த பிறகும் நரம்பின் அடியில் எங்கேயோ சத்தமில்லாமல் இருந்துகொள்வாள். நாற்பது, ஐம்பது வருடம் கழித்து உடம்பு களைத்த நேரம் பார்த்து அக்கியாக வெளியே வருவாள். அந்த அக்கியின் நீர், அம்மாள் வராத ஒருவரில் பட்டால் அவருக்கு அம்மாள் வரும். பொதியோடு நான் கொடுக்கும் தாளில் இது எட்டு வரிகளில் இருக்கிறது. எட்டாவது வரி எனக்குத் தூக்கத்திலும் பாடம்: அம்மாள் வராத கர்ப்பிணிகளுக்குக் கிட்டப் போக வேண்டாம்.

நான்காம் நாள் மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் வந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு கொப்புளம்தான். ஆனால் மூக்கு நுனிக்குப் போகும் நரம்புதான் கண்ணுக்குள்ளும் போகிறது. ஆஸ்பத்திரிக் கண் பிரிவில் மாத்திரை கொடுத்தார்கள், துளி கொடுத்தார்கள், ஒரு கிழமையில் வரச் சொன்னார்கள். கண் தப்புமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார் அந்தப் பெண் டாக்டர். அது நானே தினமும் மற்றவர்களுக்குச் சொல்லும் பதில்தான். எனக்குச் சொன்னபோது கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

வீட்டில் என் கணவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு முகத்தில் ஈரத்துணியோடு படுத்திருந்தார். இடது கண் இமை வீங்கி மூடிவிட்டது. கண் போனால் பஸ் போகும் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

"இஞ்சேரும்," என்றார். "அந்த அக்காட்டக் கேட்டுப் பாருமன்."

"என்னத்தை? சாம்பலையா?"

"சாம்பலோ என்னவோ. உம்மட மாத்திரை ரெண்டு நாளா என்ன செய்தது?"

வேலியடியில் போய் நின்று கேட்டேன். அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சனிக்கிழமை பகல் கூட்டிவரச் சொன்னார். சொல்லிவிட்டு விரல்களை மடக்கி ஒழுங்கு சொன்னார். முடிந்ததும் நன்றி சொல்லக் கூடாது. போகிறோம் என்று விடைபெறக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பொருக்குகள் விழும்வரை எங்கள் வீட்டார் எவரும் அவர் வாசலை மிதிக்கக் கூடாது. நோய்க்குக் காது இருக்கிறதாம். அதை அங்கேயே விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நழுவிவிட வேண்டும்.

"எங்களுக்கு இது புதிதில்லை," என்று பெருமையடித்தேன். "செத்தவீட்டிலிருந்து நாங்களும் சொல்லிக்கொண்டு வரமாட்டோம்." அம்மாள் வந்த வீட்டிலும் அப்படித்தான் என்று என் அம்மா சொல்வார். மற்ற எல்லா இடத்திலும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். தப்பித்தவறி "போறன்" என்று சொல்லிவிட்டால் அம்மா என்னைத் திரும்பக் கூப்பிட்டு, இருத்தி, தண்ணீர் குடிக்கவைத்து, சரியாகச் சொல்லவைத்துத்தான் அனுப்புவார். ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறதா என்று அக்கா ஆச்சரியப்பட்டார். நான் பெரிய பண்டிதர் மாதிரித் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காற்றே இல்லை. மழை வரப்போகிற வானம், ஆனால் வரவில்லை. அக்காவின் முன்னறையில் கணப்படுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரில், மடியில் ஒரு சிங்கத்தையும் ஒரு மானையும் அணைத்தபடி இருக்கும் தாடிக்காரப் பெரியவரின் படம். என் கணவரை நாற்காலியில் இருத்தினோம். அக்கா கை கழுவிவிட்டு வந்து, உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். இரத்த உறவில் ஒருவர் சாம்பல் தட்டைப் பிடித்திருக்க வேண்டுமாம்.

மகள் தட்டோடு வந்தாள். வயிற்றில் ஆறு மாதம். புருஷன் ஆல்பனியில் வேலை, அங்கே வீடு பார்த்துக்கொண்டிருந்தான், பிள்ளை பிறக்கும்வரை அவள் தாயோடு. இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அந்த வயிற்றுக்கு ரவாலட்டு உருட்டிக் கொடுத்தவளே நான்தான். ஆனால் அன்றைக்கு அந்த அறைக்குள் அவள் வரும்வரை, சத்தியமாக, எனக்கு அவள் நினைவே இல்லை. எனக்கு ஒரு கண்தான் நினைவில் இருந்தது.

எட்டாவது வரி தலைக்குள் ஓடியது.

உனக்குச் சின்ன வயதில் அம்மாள் வந்ததா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டால் அவள் தட்டை வைத்துவிட்டு வெளியே போவாள். தட்டைப் பிடிக்க வேறு இரத்தம் அந்த வீட்டில் இல்லை. அக்காவின் கை அவர் நெற்றியை நோக்கி நீண்டுவிட்டது, உதடு அசையத் தொடங்கிவிட்டது. மாத்திரையை நம்புகிறவள், சாம்பலைப் பார்த்துச் சிரித்தவள், அந்தக் கை நின்றுவிடுமே என்று பயந்துபோய் வாயை மூடிக்கொண்டேன். மறந்துபோனேன் என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்தேன். அது பொய். எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா விரலைச் சாம்பலில் தொட்டுக் கொப்புளங்களைச் சுற்றி வேலி போடுவதுபோல் கோடிழுத்தார். இது தன் கை இல்லை, தங்கள் புனிதத் தாயின் கை என்று முணுமுணுப்பதாக மகள் மெதுவாகச் சொன்னாள். மூன்றாவது சுற்றில் அக்காவுக்குக் கொட்டாவி வந்தது. கண்ணூறு கழிக்கும்போது எங்கள் ஆட்களுக்கும் வரும், ஆனால் இது நிற்கவில்லை. தாடை கழன்றுவிடும்போல, கண்ணீர் வடிய வடியக் கொட்டாவி விட்டார். "பாரம்," என்றார். ஒரு கொப்புளம் உடைந்தது. அக்கா ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்து, பார்க்காமலே பக்கத்தில் நீட்டினார். மகள் அதை வெறுங்கையால் வாங்கிச் சுருட்டி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள். மற்றக் கை தட்டைப் பிடித்தபடி வயிற்றில் சாய்ந்திருந்தது.

அந்த உள்ளங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் அவரைக் கையில் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தேன். அக்கா பின்னால் வந்தார். ஒருவரும் பேசவில்லை, எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சொல்லாமல் விழுங்கியது தொண்டையில் நின்றதாலோ என்னவோ, படியில் கால் வைத்ததும் நான் தலையைத் திருப்பிச் சொன்னேன்: "அப்ப, போட்டு வாறம் அக்கா." அவருக்கு விளங்கவில்லையோ என்று, வாய் கேட்காமல், ஆங்கிலத்திலும் சொன்னேன். "வி வில் கோ அண்ட் கம்."

அக்காவின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனதைப் பார்த்தேன். அவர் உள்ளே போய் ஒரு கைப்பிடி சாம்பல் எடுத்துவந்து, நாங்கள் நின்ற படியில் தூவிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று இரவு என் கணவர் ஐந்து நாளுக்குப் பிறகு முனகாமல் நித்திரை கொண்டார். ஞாயிறு இமை கொஞ்சம் திறந்தது. திங்கள் நான் வேலைக்குப் போனேன். பத்து மணிபோல் ஒரு கிழவர் வந்தார், விலாவில் ஷிங்கிள்ஸ். பொதியைக் கொடுத்துப் பிரசங்கத்தைத் தொடங்கினேன். கர்ப்பிணிகளுக்குக் கிட்டப் போக வேண்டாம், ஐயா. என் வாய் சர்வசாதாரணமாகச் சொல்லியது. "எனக்கு அப்படி ஒருத்தரையும் தெரியாது அம்மா," என்று அவர் சிரித்தார். நான் பின்னறைக்குப் போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன்.

ஊசி ஒன்று இருக்கிறது. தொற்று பட்ட பிறகும் அம்மாளைத் தடுக்க, அல்லது உக்கிரத்தைக் குறைக்க. சீக்கிரம் போட வேண்டும், நாள் போகப் போகப் பிரயோசனம் குறையும், பத்து நாளுக்குமேல் இல்லை. எனக்கு இதுவும் தெரியும். எனக்கு எல்லாம் தெரியும் என்பதுதான் என் வியாதி. திங்கள் போனது. செவ்வாய் போனது. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் உடுப்புக் காயப்போடுவதைச் சமைத்துக்கொண்டே குசினி யன்னலால் பார்ப்பேன். நிமிரும்போது ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொள்வாள். நான் யன்னலை விட்டு விலகிவிடுவேன்.

புதன் என் கணவரிடம் சொன்னேன்.

"ஐயோ, அந்தப் பிள்ளைக்கு அம்மாள் வந்ததோ வரேல்லையோ ஆருக்குத் தெரியும்?" என்றார். "இஞ்ச எல்லாருக்கும் சின்னனிலையே வந்திருக்கும்."

"வராட்டி?"

"இண்டைக்குக் கண் தெளியுதப்பா. பொருக்கு விழேல்லை. வாசல் மிதிக்க வேண்டாமெண்டு அவ சொன்னவ. நீர் போய் இதைக் கெடுக்காதையும்."

"அப்ப உங்கட கண் பெரிசு, அந்த வயித்துக்குள்ள இருக்கிறது சின்னனோ?"

அவர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டிருக்கக் கூடாது. சனிக்கிழமையே அதற்குப் பதில் சொன்னவள் நான்தானே.

வியாழன் வேலையால் வந்து, கைப்பையை வைக்காமலே வேலிப் படலையடியில் போய் நின்றேன். அக்கா யன்னலில் கண்டார். உடனே இரண்டு கையையும் நீட்டி, போ, போ என்று தள்ளினார். நான் போகவில்லை. கதவு திறந்தது, மகள் படியில் இறங்கி என்னை நோக்கி வந்தாள். "வராதை!" என்று தமிழில் கத்திவிட்டேன். அவளுக்கு விளங்கியிருக்காது, ஆனால் நின்றுவிட்டாள்.

நடுவில் பத்தடி புல். அந்தத் தூரத்திலிருந்தே சொன்னேன். அம்மாள் வந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றாள். தாயிடம் திரும்பிக் கேட்டாள். அக்கா இல்லை என்று தலையாட்டினார். ஊசியைப் பற்றிச் சொன்னேன். இன்றைக்கே, இப்போதே போய் இரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஆன்ட்டி, இது உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை."

"சனிக்கிழமை எப்போது?"

"நீ தட்டோடு உள்ளே வந்தபோது."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நல்லது. சனிக்கிழமை பஞ்சைப் பொத்தியிருந்த அந்தக் கையை விரித்து ஒருதரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து எண்ணை அழுத்திக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அக்கா வாசலில் நின்று என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "வருவேன் என்றாய். வந்துவிட்டாய்."

இரத்தத்தில் எதிர்ப்பு இல்லை. ஊசி போட்டார்கள். ஊசி போட்டால் நான்கு கிழமை பார்த்திருக்க வேண்டும். அந்த நாட்களில் நான் குசினி யன்னலிலேயே குடியிருந்தேன். திரைச்சீலை இழுத்திருந்தால் பயம், திறந்திருந்தால் பயம். கொடியில் அவளுடைய நீளக்கைச் சட்டை தொங்கினால், ஏன் நீளக்கை என்று பயம். எல்லாக் கோயில்களுக்கும் நேர்ந்தேன். என் கணவரின் பொருக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன, கண் தப்பிவிட்டது, ஆஸ்பத்திரியில் அதிர்ஷ்டசாலி என்றார்கள். நான் அதற்காகச் சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பட்டேன்.

மூன்றாவது கிழமை முடிவில் ஒரு காலை, அவள் புருஷனின் கார் வாசலில் நின்றது. அவளைப் போர்வையால் மூடிக் கூட்டிப்போனார்கள். தலையைக் குனிந்திருந்தாள். கழுத்தில் இரண்டு சிவப்புப் பொட்டுகளைக் கண்டேன். இருபது அடி தூரத்திலிருந்தும் எனக்கு அது என்னவென்று தெரிந்தது.

மூன்று நாள் அந்த வீட்டில் வெளிச்சம் இல்லை. நான்காம் நாள் பகல் அக்கா தனியாக வேலியடிக்கு வந்தார். கூப்பிடவில்லை, வந்து நின்றார். நான் ஓடிப்போனேன். "மகளுக்குக் குறைவாகத்தான் வந்திருக்கிறது, நுரையீரலுக்குப் போகவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்," என்றார். பிறகு தன் வலது உள்ளங்கையை வேலிக்கு மேலால் விரித்துக் காட்டினார். "அப்பா கொடுத்த கை. இது என் மகளுக்குத்தான் போக வேண்டும். நோய் முந்திக்கொண்டு போய்விட்டது."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். மகள் தட்டோடு வந்தபோது வாயை மூடியது என் பிழை என்றேன். அவர் அதைக் கையால் தட்டிவிட்டார். அது அவருக்குப் பெரிதாகவே படவில்லை. தன் அடுப்புச் சாம்பல் இருந்த இடத்தில் எந்தத் தொற்றும் தன் பிள்ளையைத் தொட்டிருக்காது, வாசலில் நான் வாறம் என்று நோயை அழைத்திராவிட்டால், என்றார். மகளுக்கு நேர்மாறு. வாசலில் நான் சொன்ன வார்த்தையை அவள் கேட்டு ஒருபோதும் சட்டைசெய்திருக்க மாட்டாள். அவளால் மன்னிக்க முடியாதது, அவள் தட்டைப் பிடித்து நின்ற அந்த இருபது நிமிடம். தாய் நான் சொன்னதை மன்னிக்கவில்லை, மகள் நான் சொல்லாததை மன்னிக்கவில்லை.

பிள்ளை குறித்த நாளுக்கு இரண்டு கிழமை முந்திப் பிறந்தது. எனக்கு மகளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ஆன்ட்டி என்று தொடங்கவில்லை. "பெண் குழந்தை. நலம். தயவுசெய்து வர வேண்டாம்." அதைப் படித்துவிட்டுக் கடையின் பின்னறையில் இருந்து அழுதேன். முதல் சொற்களுக்காக அழுதேனா, கடைசிச் சொற்களுக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

நான் போகவில்லை. கொடியில் சின்னச் சின்ன உடுப்புகளைப் பார்த்துக்கொண்டேன். பிள்ளை அழுகிற சத்தம் மரச்சுவரால் வரும். அழட்டும், நல்ல பலமாக அழட்டும் என்று நினைப்பேன்.

நாற்பது நாள் கழிந்ததும் ஆல்பனிக்கு வீடு மாறினார்கள். சனிக்கிழமை காலை லொறி வந்தது. நான் வெளியே போகாமல் யன்னலில் நின்றேன். எல்லாம் ஏற்றி முடிந்தபோது அக்கா வேலிப் படலையைத் திறந்துகொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார். கையில் என் தூக்குச்சட்டி. முந்தி எப்போதோ போனது.

வாங்கினேன். பாரமில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். நன்றாகக் கழுவித் துடைத்து, பளபளவென்று, வெறுமையாக இருந்தது. ஆறு வருடத்தில் முதல்தடவை. ஒரு உலர்ந்த திராட்சைகூட இல்லை. இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு இனி ஒன்றும் திரும்பிப் போகத் தேவையில்லை என்பதை அதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்ல முடியாது.

லொறிக்குப் பின்னால் நின்ற காரில் மகள் மடியில் பிள்ளையோடு இருந்தாள். அவள் என் பக்கம் பார்க்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் கை வெளியே வந்து, காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது.

அக்கா என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு என்னைத் தெரியும். என் வாய் இப்போது என்ன சொல்லும் என்றும் தெரியும், ஆறு வருடமாகக் கேட்ட சொல்தானே. போட்டு வாங்கோ. அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐம்பது வருடப் பழக்கம், எச்சில் மாதிரி தானாக ஊறி வருகிறது. அதை விழுங்கினேன். என் அம்மா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார், தண்ணீர் குடிக்கவைத்துத் திரும்பச் சொல்லவைத்திருப்பார். எங்கள் ஆட்கள் பகையாளிக்குக்கூட மொட்டையாகச் சொல்லாத சொல்லை, எனக்கு மிகவும் வேண்டிய ஒருவருக்கு, அந்தக் காருக்குள் இருந்த பிஞ்சுக் கைக்கும் சேர்த்துச் சொன்னேன்.

"போங்கோ," என்றேன்.

அக்கா அடுத்த சொல்லுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார். அது வரவில்லை என்று கண்டதும் தலையை ஒருதரம் அசைத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல், எங்களுக்குச் சொல்லித்தந்த மாதிரியே, ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய்க் காரில் ஏறினார்.